வெற்றிக்குப் பின் வரும் வெறுமை

கல்லூரியொன்றின் விழாமலர் பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே அமைவது வழக்கம். எம் கல்லூரியிற் பயின்று இன்று வைத்தியராயும், பொறியியலாளராயும், சட்டத்தரணியாயும், கணக்காளராயும், நிருவாக அதிகாரியாயும் விளங்குவோரின் பெயர்களைக் காணுந்தோறும் எமதுள்ளம் பூரிக்கின்றது. அப்பூரிப்பு நியாயமானதே. ஆயினும் அப்பெயர்களுக்குரியோர் தனித்திருக்கும் வேளையில் எம்மிடங் கூறும் சில சொற்கள் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. அச்சொற்களைப் பற்றியே இக்கட்டுரை சிறிது பேச விழைகின்றது.

யாம் ஆசிரியப் பணியில் அடியெடுத்து வைத்த காலத்தில் எம்மிடந் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்தார். பிறநாடொன்றில் பெரிய பொறியியல் நிறுவனத்தில் உயர்பதவி வகிப்பவர். கல்லூரி மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தின் கீழ் அவரும் யாமும் அமர்ந்திருந்தோம். பழங்கதைகள் பலவும் பேசி முடிந்தபின் அவர் சற்று மௌனமாயிருந்து, “சேர், நான் நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் எதைத் தொட்டாலும் உப்பில்லாத சோறு போல இருக்கிறது. இதற்காகத்தானா இவ்வளவு ஓடினேன் என்று என்னையே கேட்கத் தோன்றுகிறது” என்றார்.

இலக்கணத்தில் ஐயம் வினவியிருப்பின் உடனே விடை பகர்ந்திருப்போம். இவ்வினாவிற்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. பின்னர் சிலவற்றைப் படித்தும், சிலவற்றை எமது வாழ்விலேயே எண்ணிப் பார்த்தும் கண்டவற்றை ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றோம்.

முதற்கண் இந்நிலை யாது என்பதை வரையறுத்தல் வேண்டும். களைப்பு வேறு, இது வேறு. நாள் முழுதும் தோட்டத்தில் இறைத்த கமக்காரன் இரவு உறங்கி எழுந்தால் அவன் களைப்பு நீங்கிவிடும். உறங்கி எழுந்தும் நீங்காத சோர்வு ஒன்றுண்டு. எண்ணெய் உள்ளவரையில் விளக்கின் திரி எண்ணெயை எரிக்கும். எண்ணெய் வற்றியபின் திரி தன்னையே எரித்துக்கொள்ளும். அவ்வாறு மனிதன் தன்னையே எரித்துப் பணிபுரியும் நிலையினை ‘உள்ளெரிந்து போதல்’ எனக் கூறலாம். 1974 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து உளவியலாளர் ஹேர்பேட் புறொய்டன்பேர்கர் என்பார் இதனை ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்து விளக்கினார். அவர் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்திற் பணிபுரிந்தவர். அங்கு மிக்க ஆர்வத்தோடு உழைத்தவர்களே நாளடைவில் எரிச்சலும் அயர்வும் அக்கறையின்மையும் உடையோராய் மாறுவதை அவர் கண்டார். பிறரிடத்து மாத்திரமன்றித் தம்மிடத்தும் அவர் அதனைக் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் இந்நிலைக்கு மூன்று அடையாளங்கள் கூறியது. ஆற்றல் முற்றும் வற்றிப்போதல் ஒன்று; தன் தொழிலினின்றும் மனம் விலகி, அதனை வெறுப்புடனோ ஏளனத்துடனோ நோக்குதல் இரண்டு; செய்யும் தொழிலில் திறன் குன்றியதாக உணர்தல் மூன்று. தொழிலிடத்தில் நீண்டகாலம் நிலவும் நெருக்கடியைத் தக்கவாறு தீர்க்காது விடுவதால் இது விளைகின்றது என்றும், இது தொழில் சார்ந்த ஒரு நிலையேயன்றித் தனியொரு நோயன்று என்றும் அந்நிறுவனம் வரையறுத்தது. கிறிஸ்தினா மஸ்லாக் என்னும் அறிஞர் தம் துணையாய்வாளரோடு சேர்ந்து இதன் காரணங்களை ஆறாக வகுத்தார்: மிகையான வேலை, தன் வேலையில் தனக்கு அதிகாரமின்மை, தகுந்த பயன் கிடையாமை, உடனுழைப்போரிடத்து ஒற்றுமையின்மை, நடுவுநிலை பிறழ்தல், தான் மதிக்கும் விழுமியங்களுக்கும் செய்யும் தொழிலுக்கும் இடையே முரண் என்பன. ஆகவே சோர்ந்தவனை நோக்கி, “உனக்கு மனவுறுதி போதாது” என்று குறைகூறுதல் அறியாமையாகும். மாடு படுத்துவிட்டால் மாட்டை மாத்திரம் அடிப்பது முறையன்று. வண்டியிலேற்றிய பாரத்தையும் பார்த்தல் வேண்டும்.

இனி, தோல்வியுற்றவன் சோர்வது இயல்பு. வென்றவன் சோர்வது ஏன்? இதற்கு மூன்று காரணங்கள் எமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, திறமையாகச் செய்பவனிடமே மேலும் மேலும் வேலை வந்து குவிகின்றது. வெற்றியின் பரிசு ஓய்வன்று, இன்னுமொரு பொறுப்பே. இரண்டாவது, குறிக்கோள் தொலைவில் இருக்கும்வரை அதுவே வாழ்விற்குப் பொருள் தருகின்றது. கைக்கு வந்ததும் அப்பொருள் கழன்றுவிடுகின்றது. மலையேறுபவனுக்குச் சிகரம் தெரியும். சிகரத்தில் நிற்பவனுக்குத் தெரிவது வெறும் வானமே. மூன்றாவதே மிகப் பெரியது. பதவியும் ஆளும் ஒன்றாகிவிடுகின்றன. “நீர் யார்?” என்று வினவினால், தம் உத்தியோகத்தையன்றி வேறு விடை கூற இயலாதவராய் நம்மிற் பலர் ஆகிவிட்டோம். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டபின் அதனைக் கழற்ற முயன்றால் தோலும் சேர்ந்தே உரிகின்றது.

இந்நிலைக்குச் சான்றாக உலகறிந்த ஒருவரின் வாழ்வை நோக்குவோம். லியோ தோல்ஸ்தோய் 1828 ஆம் ஆண்டில் இரசிய நாட்டிற் செல்வக்குடியிற் பிறந்தவர். ‘போரும் சமாதானமும்’ என்னும் பெருநாவலை 1869 இல் முடித்து, ‘அன்னா கரேனினா’வை 1870களில் வெளியிட்டு, ஐம்பது வயதளவில் புகழின் உச்சியை அடைந்திருந்தார். அன்புடைய மனைவியும், மக்களும், பெருநிலமும், உடல்நலமும் அவருக்குக் குறைவற இருந்தன. அவ்வேளையிலேதான் ‘பின்னர் என்ன?’ என்னும் ஒரு வினா அவரைப் பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கான அளவு நிலமும் முந்நூறு குதிரைகளும் உண்டு, பின்னர் என்ன? உலகத்துப் பெரும் எழுத்தாளர் அனைவரினும் மிக்க புகழை அடைந்தாலும் பின்னர் என்ன? இவ்வாறு தம்மைத் தாமே வினவி விடை காணாது தவித்ததைத் தமது ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்னும் நூலில் அவர் மறையாது எழுதினார். தம் உயிருக்குத் தாமே ஊறு செய்துவிடலாகாதே என அஞ்சி, கயிற்றைத் தம் கண்ணிற் படாது மறைத்ததாகவும், துப்பாக்கியுடன் வேட்டைக்குச் செல்வதை நிறுத்தியதாகவும் அதிற் கூறியுள்ளார்.

தம் நிலையை விளக்க அவர் ஒரு கீழைத்தேயக் கதையை எடுத்தாள்கின்றார். கொடிய விலங்கொன்று துரத்த ஒரு வழிப்போக்கன் பாழுங்கிணற்றுக்குள் இறங்குகின்றான். அடியில் ஒரு பெரும்பாம்பு வாய் பிளந்து கிடக்கின்றது. இடையில் வளர்ந்த ஒரு செடியைப் பற்றித் தொங்குகின்றான். அச்செடியின் அடியை வெள்ளெலி ஒன்றும் கறுப்பெலி ஒன்றும் இடைவிடாது கறிக்கின்றன. அந்நிலையிலும் இலைகளிற் சிந்தியிருந்த தேன்துளிகளைக் கண்டு அவன் நாவை நீட்டி நக்குகின்றான். எலிகள் பகலும் இரவும் எனக் கொள்க. தமக்கு வாய்த்த இரு தேன்துளிகள் குடும்பத்தின் மீதுள்ள அன்பும் எழுத்துக் கலையுமே என்றும், அவை இப்போது இனிக்கவில்லை என்றும் தோல்ஸ்தோய் எழுதுகின்றார்.

இக்கதை எமக்குப் புதியதன்று. மகாபாரதத்து ஸ்திரீ பருவத்தில், நூறு மைந்தரையும் இழந்து துயருற்ற திருதராட்டிரனுக்கு விதுரர் கூறுவதாக இதன் பழைய வடிவம் உள்ளது. புத்தர்பிரானின் வரலாற்றைத் தழுவியெழுந்த பர்லாம், யோசபாத் என்போரின் கதையினுள் இது சேர்ந்து, மேற்றிசை மொழிகள் பலவற்றிலும் பரவியது. பாரத நாட்டுக் கதை ஒன்று நெடுந்தொலைவு கடந்து, இரசிய நாட்டு எழுத்தாளர் ஒருவரின் துயருக்குச் சொல்லாக உதவியதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. எம்மிடம் வந்த பழைய மாணவர் ‘உப்பில்லாத சோறு’ என்றதும், தோல்ஸ்தோய் ‘இனிக்காத தேன்’ என்றதும் ஒன்றேயன்றோ?

இதே துயரை இன்னும் பழைய ஓரிடத்திலும் காண்கின்றோம். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனற்குமாரரிடம் மாணாக்கராய்ச் செல்கின்றார். “நீர் கற்றவற்றை முதலிற் கூறும்” என்கின்றார் ஆசிரியர். வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், வானநூல் எனத் தாம் கற்ற கலைகளை நாரதர் நீள அடுக்குகின்றார். இக்காலத்து விண்ணப்பப் படிவமொன்றில் தகைமைகளை நிரப்புவது போன்றது அப்பட்டியல். அடுக்கி முடித்தபின், இத்தனையுங் கற்றும் தம்மைத் தாம் அறியாமையால் துயரில் ஆழ்ந்திருப்பதாக ஒப்புக்கொள்கின்றார். ஆசிரியர் அவரை இகழவில்லை; கற்றவற்றைக் கைவிடுமாறும் கூறவில்லை. அவை யாவும் பெயரளவே என உணர்த்தி, அங்கிருந்து படிப்படியாக மேலே அழைத்துச் செல்கின்றார். அளவுபட்டவற்றில் நிலைத்த இன்பம் இல்லை என்பது அவ்வுபதேசத்தின் முடிபு. ஒப்புக்கொள்ளுதலே முதற்படி என்பது நாம் இங்கு கொள்ளற்பாலது.

அங்ஙனமாயின் மீளும் வழி யாது? தோல்ஸ்தோய் முதலில் விடையை நூல்களிலும் அறிஞரிடத்தும் தேடினார், காணவில்லை. தம் நிலத்தைச் சூழ வாழ்ந்த உழைக்கும் மக்களை உற்றுநோக்கியபோதுதான், வறுமையிலும் நோயிலும் வாழ்வின் பொருளை ஐயுறாது வாழும் கோடிக்கணக்கானோர் உளர் என்பதைக் கண்டார். அதன்பின் அவர் ஏர் பிடித்து உழுதார்; செருப்புத் தைக்கக் கற்றார்; எளிய மக்களுக்கான சிறுகதைகளை எழுதினார்; 1891 ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஊரூராகச் சென்று கஞ்சித்தொட்டி போன்ற உணவுச்சாலைகளை அமைத்தார். அவர் வாழ்வு அதன்பின் அமைதியே உருவாயிற்று என்று கூறுதல் பொய்யாகும். குடும்பத்திற் பிணக்கு முற்றி, 1910 ஆம் ஆண்டில் எண்பத்திரண்டாம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, ஒரு புகையிரத நிலையத்தில் உயிர் நீத்தார். பொருளைக் கண்டவனுக்கும் துன்பம் உண்டு. ஆயினும் ‘பின்னர் என்ன?’ என்னும் வினா அவரைக் கொல்லவில்லை. முப்பதாண்டுகள் உழைக்கச் செய்தது.

இங்கிலாந்து தேசத்து அறிஞர் ஜோன் ஸ்ருவாட் மில் என்பாரின் அனுபவமும் நோக்கத்தக்கது. மூன்று வயதிலேயே கிரேக்க மொழி கற்கத் தொடங்கித் தந்தையாராற் கடும் பயிற்சி பெற்ற அவர், 1826 இல் இருபது வயதில், “என் குறிக்கோள்கள் யாவும் இன்றே நிறைவேறினும் நான் மகிழ்வேனா?” எனத் தம்மை வினவினார். “இல்லை” என்றது உள்ளம். நெடுநாள் இருளிற் கிடந்த அவருக்கு, 1828 இல் வேட்ஸ்வேத் என்னும் புலவரின் கவிதைகள் மருந்தாயின. தன் இன்பத்தையே குறியாகக் கொண்டு தேடுபவன் அதனை அடைவதில்லை. பிறிதொன்றில் ஈடுபட்டிருப்பவனையே அது வழியில் வந்து அடைகின்றது என்பது அவர் கண்ட முடிபு. இலக்கியம் பரீட்சைக்குரிய பாடம் மாத்திரமே எனக் கருதும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.

ஈண்டு எமது குறையொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுடன் பணியேற்ற நாள்முதல் ‘நல்ல ஆசிரியர்’ என்னும் பெயருக்காக யாமும் ஓடினோம். பகலிற் பாடசாலை, மாலையிலும் வார இறுதியிலும் தனியார் வகுப்புகள். எம் மாணவர் பெற்ற பெறுபேறுகளை வைத்து எம்மை மதித்தோர் பலர். ஒருநாள் இரவு ஒரு கட்டுக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி மறுநாள் கொடுத்தோம். கொப்பியை வாங்கிய மாணவன் ஒருவன் அதனை விரித்துப் பார்த்துவிட்டு எம்மை ஒருகணம் நோக்கினான், ஒன்றும் கூறவில்லை. அந்நோக்கு எம்மை உறுத்தியது. கொப்பியை மீள வாங்கிப் படித்தோம். கடலுக்குச் சென்று திரும்பாத தன் தந்தையைப் பற்றி அச்சிறுவன் எழுதியிருந்தான். யாமோ வல்லொற்று மிகாத இரண்டிடங்களைச் சிவப்பு மையாற் கோடிட்டு, இருபதுக்குப் பதினான்கு எனப் புள்ளியிட்டிருந்தோம். அக்கட்டுரையை எம் கண்கள் பார்த்திருந்தன, யாம் படித்திருக்கவில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மேலே கூறிய அடையாளங்களில் இரண்டாவது எம்மிடத்து எப்போதோ புகுந்துவிட்டிருந்தது. மறுநாள் அம்மாணவனை அழைத்து, அவன் தந்தையாரைப் பற்றிக் கேட்டு அறிந்தோம். அடுத்த தவணையில் மாலை வகுப்புகளிற் பாதியை விட்டோம். வருவாய் குறைந்தது, வீட்டிற் சில நாட்கள் அதுபற்றிய பேச்சும் எழுந்தது. முதிர்ந்த ஆசிரியர் பெரிதும் விரும்பாத ஆறாந்தர வகுப்பை அதிபரிடம் கேட்டுப் பெற்று, பரீட்சையை நோக்காது கதையும் பாட்டுமாகச் சிறுவரோடு வாய்விட்டுப் படித்தோம். தமிழை யாம் ஏன் விரும்பிக் கற்றோம் என்பது அவ்வகுப்பிலேதான் மெல்ல நினைவுக்கு வந்தது. தன்னைக் கண்டறிதல் என்பது புதிய ஒருவனைத் தேடிப்பிடிப்பதன்று. இடையில் எங்கோ தவறவிட்ட ஒருவனைத் திரும்ப அழைத்து வருதலே என அன்று உணர்ந்தோம்.

இவற்றினின்றும் பெறப்படும் நெறிகளைச் சுருங்கக் கூறுவோம்.

ஒன்று: நிலையை மறையாது ஒப்புக்கொண்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்திறந்து கூறுதல். உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டின் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும். அதில் வெட்கத்திற்கு இடமில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொள்பவன் வெட்குவதில்லையே.

இரண்டு: முதலில் ஓய்வு, பின்னரே முடிவு. சோர்வின் உச்சியில் வேலையைத் துறப்பதும், ஊரைவிட்டுப் போவதும் பலவேளை புதிய துயருக்கு வித்தாகும். பாரத்திற் குறைக்கக்கூடியது எது என்று முதலில் ஆராய்க.

மூன்று: பதவியில்லாத ஒரு நேரத்தை நாளிற் சிறிதேனும் ஒதுக்குதல். அந்நேரத்திற் கைகளுக்கு வேலை கொடுப்பது நன்று. சமணரிடையே தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பூண்டிருந்த பேரறிஞராகிய அப்பர் சுவாமிகள், பின்னர்த் திருக்கோயில் வீதிகளிற் புல் செதுக்கும் உழவாரத்தைக் கையில் ஏந்தினார் எனப் பெரியபுராணம் கூறும். அறிவாற் பெருமை பெற்றோர்க்கு உழவாரத்தினும் சிறந்த மருந்தில்லை.

நான்கு: பெயரும் புள்ளியும் கிடையாத ஒரு தொண்டைச் செய்தல்.

தொழிலைத் துறந்தாற்றான் பொருள் கிட்டும் என்பதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சோர்வுற்றார் என யாம் கூறவரவில்லை. ஆயினும் சொலிசிற்றர் ஜெனரல் என்னும் உயர்பதவியினின்றும் 1906 ஆம் ஆண்டில் இளைப்பாறியபின் அவர் செய்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். 1913 இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென ஒரு கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். அப்பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974 இற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. பதவி முடிந்த இடத்தில் அவர் வாழ்வு முடியவில்லை. கற்ற சட்டமும் பெற்ற செல்வாக்கும் வேறொரு பயனுக்குத் திரும்பின. பலருக்கு வேண்டுவது வேறு தொழிலன்று. அதே ஆற்றலுக்கு வேறொரு நோக்கமே.

இறுதியாக, ஆசிரியராகிய எமக்கும் ஒரு பொறுப்புண்டு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலில் தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம் எனப் பிள்ளைகளைப் பந்தயக் குதிரைகளாக ஓட்டுகின்றோம். ‘எத்தனை ஏ?’ என்று கேட்கும் நாம், ‘உனக்கு எதில் விருப்பம்?’ என்று கேட்பது அரிது. பத்து வயதிற் கேட்கப்படாத அவ்வினாவே நாற்பது வயதில் வேப்பமரத்தடியிற் கண்ணீரோடு வருகின்றது.

அப்பழைய மாணவர் சில மாதங்களின் பின் எமக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டாம் வகுப்பிற் பரீட்சைக்காகக் கைவிட்ட மிருதங்கத்தை மீண்டும் எடுத்திருக்கின்றாராம். துயர் முற்றாக நீங்கிற்று என அவர் எழுதவில்லை. “நேற்று அரைமணி நேரம் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருந்தேன், சேர்” என்று மாத்திரமே எழுதியிருந்தார். எமக்கு அது போதியதாயிருந்தது.

விழாவிற்கு வரும் பழைய மாணவர்காள்! உங்கள் பதவிகளைக் கேட்டறிய இக்கல்லூரி மகிழ்வோடு காத்திருக்கின்றது. ஆயின் நீங்கள் அமர்ந்து படித்த வாங்கு உங்கள் பதவியை அறியாது. அரைக் காற்சட்டையோடு வந்த ஒரு சிறுவனையே அறியும். விழா முடிந்தபின் சற்று நேரம் அங்கு சென்று அமர்ந்து, அச்சிறுவன் எதனை விரும்பினான் என்று கேட்டுப் பாருங்கள்.